வல்லக்கோட்டைச் சாலையில் ஒரு கிணற்றுக் கணக்கு

வல்லக்கோட்டை முருகனை ஒருமுறையேனும் கண்ணாரத் தரிசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுதல். மலேசியாவின் ஈப்போவிலிருந்து புறப்படுவதற்கு முந்தைய நாள் வரை இது வெறும் தல யாத்திரையாகத்தான் இருந்தது. அன்று மாலை தனபாலன் வீட்டுக்கு வந்தார். யாத்திரையில் பாதி விசாரணையாகிவிட்டது.

நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளியில் தனபாலன் அறிவியல் ஆசிரியர். அவருடைய மாணவர்களும், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பெண்களும் மின்னஞ்சல் வழியாகச் சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்துகொண்டிருந்தார்கள். அதன் பெயர் ‘எங்கள் ஊர் நீர்’. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்புறம் உள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளப்பார்கள்; அங்குள்ள பிள்ளைகள் ஓர் ஊர்க் கிணற்றை அளப்பார்கள். இரண்டும் கணினி அட்டவணையில் ஏறி, வரைபடமாகி, மாத இறுதியில் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஒரே சுவரில் அருகருகே நிற்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு மூன்று கணினிகள் தருவதாக எங்கள் பழைய மாணவர்கள் வாக்களித்திருந்தார்கள்.

தனபாலன் அச்செடுத்த ஒரு தாளை என் மேசைமேல் விரித்தார்.

“டீச்சர், இதப் பாருங்க. மூணு வாரத்து எண். அடுத்த மூணு வாரமும் அதே எண். அதுக்கடுத்த மூணு வாரமும் அதே! கிணறு என்ன வாய்ப்பாடா ஒப்பிக்குது? ஒருதடவை அடிச்சி, காப்பி பண்ணி ஒட்டிட்டாங்க லா.”

“அவர்களிடம் கேட்டீர்களா?”

“கேட்டேன். ‘நாங்கள் அளந்ததைத்தான் எழுதினோம்’னு ஒரே வரி. காரணம் ஒண்ணும் சொல்லல. பொய்யை நான் சுவத்துல மாட்ட முடியாது. கணினியும் வேற பள்ளிக்குத்தான் போகும். நீங்க நேர்ல பார்த்துட்டு என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கறேன்.”

ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒரு பொறுப்பு வருமென்று நான் நினைக்கவில்லை. மறுக்கவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினேன். எங்கள் ஊரில் பிற்பகல்தோறும் மழை வந்து வெயிலைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே மாசி மாதத்திலேயே வெயில் நின்று நிதானமாக வேலை செய்கிறது. தங்கிய விடுதிக்கு எதிரே ஒரு மெஸ். பத்து மணிக்கு அங்கே இரண்டு வகை மனிதர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இட்லி உண்டார்கள். வேலை முடித்து வந்தவர்கள் அதே நேரத்தில் சோறும் மீன் குழம்பும் உண்டார்கள். எனக்கு இட்லியும் பூண்டு மணக்கும் காரச் சட்னியும் வந்தன. சட்னியைச் சுவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். “மலேசியாவா? அப்ப சக்கரை வச்சிக்கோங்கம்மா” என்று பரிமாறியவர் கிண்ணத்தைத் தள்ளினார். நான் எந்த ஊர் என்பதை எதிலிருந்து கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பள்ளி, வல்லக்கோட்டைச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருந்தது. ஒருபுறம் நெல் வயல்; மறுபுறம் வயலாக இருந்து, இப்போது கம்பி வேலிக்குள் எதற்கோ காத்திருக்கும் நிலம். செயல்திட்டத்தை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். அதே ஊரில் பிறந்தவர். மாதா கோயில் தெருவில் வீடு. வணக்கம் சொன்ன கையோடு அவர் பேசத் தொடங்கினார்.

“மேடம், நீங்க எதுக்கு வந்துகீறீங்கன்னு தெரியும். எங்க பசங்க பொய் எழுதாதுங்க. ஆனா ஏன் அப்டி வருதுன்னு கேட்டா எனக்கே தெரியல. தெரியாததை எப்டி மெயில்ல எழுதறது? அதான் ஒரு வரியோட நிறுத்திக்கினேன்.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது.

கணினி அறைக்கு முன் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஒரே ஒரு கணினி, பூப்போட்ட துணி உறைக்குள். உறையை நீக்கியபோது அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தால் கைகூப்பியே உள்ளே சென்றேன். பின்னால் இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கியது கேட்டது.

அவர்களில் ஜெனிபர் குழுத் தலைவி, வாய் ஓயாதவள். ரேவதி பதிவாளர், வாய் திறக்காதவள். கிணறு ரேவதியின் வீட்டுக்கு அடுத்த மனையில் இருந்தது. பள்ளிக்கு வரும் வழியில், காலை எட்டரைக்கு, ஒரு கல்லைக் கட்டிய கயிற்றைக் கைப்பிடிச் சுவரிலிருந்து இறக்குவார்கள். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. கல் நீரைத் தொடும்போது எத்தனை முடிச்சு இறங்கியதோ அதுதான் அன்றைய எண். எண் கூடினால் தண்ணீர் கீழே போயிருக்கிறது என்று பொருள்.

“இடையில் நின்றால்?” என்று கேட்டேன்.

“எது கிட்ட கீதோ அதான் பாட்டி” என்றாள் ஜெனிபர். “அரை கிரையெல்லாம் எழுதுனா எக்செல் அசிங்கமா ஆயிடும்.”

திரையில், ஈப்போவுக்கு அனுப்பிய ஒன்பது வாரங்கள் நின்றன. ஒரு வாரம் முழுவதும் பதினான்கு. அடுத்த வாரம் முழுவதும் பன்னிரண்டு. மூன்றாம் வாரம் திங்கள் மட்டும் பன்னிரண்டு, மற்ற நாளெல்லாம் பதினேழு. பிறகு மீண்டும் பதினான்கு. தனபாலனைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு துளி மழையும் இல்லாத ஒன்பது வாரத்தில் ஒரு கிணறு மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்குமா?

பழைய பதிகங்களில் ஊறிய எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடியவர்கள் ஓர் ஊருக்குப் போனால், அந்த ஊரின் வயலையும் வாவியையும் அதில் துள்ளும் மீனையும் முதலில் பார்ப்பார்கள். அதற்குப் பிறகே இறைவனிடம் வருவார்கள். கோயிலுக்குப் போகுமுன் இந்த ஊரின் தண்ணீரை நான் அறிந்தாக வேண்டும் என்று அன்று மாலை முடிவு செய்தேன். அந்த முடிவை மறுநாளே மீறினேன்.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வல்லக்கோட்டைக்குக் கிளம்பிவிட்டேன். பிள்ளைகளின் ஊரிலிருந்து ஏறுவது எளிது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்ததால் அங்கே போய் நின்றேன். நிறுத்தத்தில் முப்பது நாற்பது இளைஞர்கள், எல்லாரும் நீலச் சட்டையில். வெள்ளைப் பேருந்து ஒன்று வந்தது. எல்லாரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். இருக்கையில் வெள்ளைத் துணி உறை கூட இருந்தது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் இவ்வளவு முன்னேறிவிட்டனவே என்று மனத்துக்குள் பாராட்டினேன். நடத்துநர் வரவேயில்லை.

சிறிது தூரம் போனதும் பக்கத்து இருக்கை இளைஞன் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டான்: “ஆச்சி, நீங்க எந்த லைன்ல வேல பாக்கீய?”

பேருந்து முழுவதும் வெடித்துச் சிரித்தது.

“இது கம்பெனி பஸ்லா ஆச்சி! பயப்படாதீய, கூட்டுரோட்டுல எறக்கி விடச் சொல்லுதேன்.”

அந்த ‘லா’வைக் கேட்டதும் எனக்கு ஈப்போவில் இருப்பது போலவே ஆகிவிட்டது. இளைஞனின் பெயர் இசக்கிமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முன்னிருக்கையிலிருந்து ஒருவன், “ஆச்சிக்கு ஒரு ஓட்டி போட்டுக் குடுங்கடே, தனியா வந்திருக்காவ” என்றான். மிகைநேர வேலையை அப்படிச் சொல்கிறார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“இந்த ஸ்டாப்புக்குப் பின்னாலதான் ஆச்சி. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட பத்து ரூம். நாப்பது பேரு, எல்லாரும் ஒரே லைன். இந்த வாரம் பி ஷிப்டு, மத்தியானம் போவோம். தண்ணிக்குப் பஞ்சமில்ல. திங்கக்கிழமயிலேந்து நைட்டு. அந்த வாரந்தான் சீண்ட்ரம், பெரிய தொல்ல. காலையில ஏழேகாலுக்கு வந்து எறங்கி நாப்பது பேரும் ஒண்ணாக் குளிச்சா, கெணறு என்ன செய்யும்? அடி தெரிஞ்சிரும்.”

“எந்தக் கிணறு?”

“அங்க ஒரு கெணறுதானே இருக்கு. தெனமும் சின்னப் பிள்ளைய வந்து கயிறு விட்டு விளையாடுமே, அது.”

கூட்டுரோட்டில் இறங்கியபின் வல்லக்கோட்டைப் பேருந்துகள் இரண்டு கடந்து போயின. நான் ஏறவில்லை. எதிர்த்திசையில் வந்த ஷேர் ஆட்டோவில், ஒரு மூட்டை முருங்கைக்காய்க்கும் ஒரு தூங்கும் மனிதருக்கும் நடுவில் இடம் பிடித்து, ஸ்டெல்லாவின் வீட்டுக்குத் திரும்பினேன். முருகன் பொறுத்துக்கொள்வான்; அவனும் சினந்து மலையேறிய பிள்ளைதானே.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா பூசை முடிந்து வந்ததும், இரண்டு பெண்களோடும் அந்தப் பத்து அறை வீட்டுக்குப் போனோம். பேருந்தில் நான் கேட்டதை மட்டும் சொல்லியிருந்தேன். மீதியை ஜெனிபர் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அண்ணே, போன ரெண்டு மாசமா எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு ஞாபகம் கீதா?”

இசக்கிமுத்து சோப்பு நுரைக் கையோடு அறைக்குள் காட்டினான். சுவரில் வேல் பிடித்த முருகன் படம் போட்ட மாதக் காலண்டர். ஒவ்வொரு வாரத்தின் மேலும் பேனாவால் ஏ, பி, சி என்று எழுதியிருந்தது. “இல்லன்னா எவன் எப்ப எந்திக்கணும்னே தெரியாது” என்றான். அந்த எழுத்துகளை ஜெனிபர் வரிசையாகக் குறித்துக்கொண்டாள்.

ஸ்டெல்லா கணினி அறையைத் திறந்தார். ஜெனிபர் அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஷிப்டு எழுத்தைத் தட்டச்சு செய்தாள். பிறகு அந்த எழுத்துப்படி வரிசைப்படுத்தச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினாள். பழைய இயந்திரம் சற்று முனகியது. எண்கள் இடம் மாறி நின்றன. ஏ ஷிப்டு நாளெல்லாம் பதினான்கு. பி ஷிப்டு நாளெல்லாம் பன்னிரண்டு. சி ஷிப்டு நாளெல்லாம் பதினேழு, திங்கள் தவிர.

“திங்கள் ஏன் பன்னிரண்டு?” என்றார் ஸ்டெல்லா.

“டீச்சர், நைட் ஷிப்டு திங்கக்கிழமை ராத்திரி தானே ஆரம்பிக்குது? செவ்வாக்கிழமை காத்தால தானே குளிக்க வருவாங்க!” ஜெனிபர் மேசையைத் தட்டினாள். “ஏ ஷிப்டுல விடியறதுக்கு முன்னாடியே குளிச்சிட்டுப் போயிடறாங்க, எட்டரைக்குள்ள பாதி ஊறிடுது. பி ஷிப்டுல தூங்கிக்கினு கீறாங்க. கிணறு ஃபுல்லு. டீச்சர், இது கிணறு இல்ல, கடிகாரம்!”

ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர்கள் அறியாத செய்தி இதில் ஒன்றுமில்லை. கிணற்று மோட்டார் ஓசையைத் தினமும் கேட்டவர்கள். நீலச் சட்டைகளைத் தினமும் கண்டவர்கள். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக வைத்துப் பார்த்ததுதான் புதிது.

நான் மகிழ்ந்தேன், முழுதாக மகிழ முடியவில்லை. தனபாலனின் குரல் காதில் இருந்தது. காரணம் தெரிந்தால் அதற்கேற்ற எண்களை யாரும் எழுதி ஒட்டிவிடலாம் என்று அவர் சொல்லக்கூடும். இந்த ஒழுங்கு, திருத்திய ஒழுங்கு இல்லை என்பதற்கு என்ன அடையாளம்? “கையால் எழுதிய நோட்டு இருக்கிறதா?” என்று கேட்டேன்.

ரேவதி அசையவில்லை. ஜெனிபர் அவள் பையிலிருந்து நோட்டை உருவிப் புரட்டினாள். இரண்டாம் சி வாரத்து வியாழனில் அவள் விரல் நின்றது. அங்கே பன்னிரண்டு என்று எழுதி, இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பதினேழு என்று எழுதியிருந்தது.

“இன்னாடி இது?”

அப்போதுதான் ரேவதி பேசினாள். “அன்னிக்கு நான் மட்டுந்தான் போனேன். பன்னெண்டுலயே கல்லு தண்ணியத் தொட்டுச்சி. மூணு தபா விட்டுப் பார்த்தேன். முந்தின நாளு பதினேழு. நீ தான, தப்பா அளந்தா குரூப்ப விட்டுத் தூக்கிடுவேன்னு சொன்ன? அதான் மாத்தினேன்.”

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துப்போனது. “ஒரு நம்பர் மாத்தினாலும் மாத்தினதுதானே ரேவதி. இனிமே மொத்தத்தையும் எவன் நம்புவான்?”

 ரேவதியைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ரப்பர் தோட்டப் பள்ளியில் இருந்த காலத்தில் மழைமானிக் குறிப்பேடு என் பொறுப்பு. விடுபட்ட நாட்களுக்கு, ஆய்வாளர் வருகைக்கு முந்தைய மாலை, பொருத்தமான எண்களை நானே எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்து என்று பாராட்டும் பெற்றிருக்கிறேன். பதிகத்தின் முடிவுப் பாட்டில் பாடியவர் தம் பெயரை வைப்பது புகழுக்காக அல்ல, சொன்னதற்கெல்லாம் தாமே பொறுப்பு என்று ஒப்புவதற்காக என்பது என் ஆசிரியர் எனக்குச் சொன்னது. அந்தக் குறிப்பேட்டில் நான் பெயரே எழுதவில்லை.

ஜெனிபர் திடீரென்று எழுந்து வெளியே ஓடினாள். கால் மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கையில் முருகன் காலண்டர். பின்னால் ஈரத் தலையோடு இசக்கிமுத்து.

“இந்தப் பாப்பா சாமி படத்தத் தூக்கிட்டு ஓடியாருது, நான் என்னத்தச் செய்ய?” என்றான்.

“அண்ணே, இந்தப் புதன்கிழமை இன்னா வட்டம் போட்டு அடிச்சிக்கினு கீறீங்க?”

அவன் பார்த்தான். “அதா? சாமான் வரலன்னு அன்னைக்கு ராத்திரி லைன் ஓடலலா. பாதி வழியிலேந்து பஸ்ஸத் திருப்பிட்டாவ. எல்லாரும் மறுநா பத்து மணி வரைக்கும் ஒறக்கம்.”

மறுநாள் வியாழன். நாற்பது பேரும் உறங்கினார்கள், ஒருவரும் குளிக்கவில்லை, கிணறு நிறைந்திருந்தது. ரேவதி மூன்று முறை அளந்து கண்ட பன்னிரண்டு மெய். அதை அடித்து எழுதிய பதினேழு ஒன்றே பொய். நகலெடுத்து ஒட்டுகிறவருக்கு லைன் ஓடாத இரவு தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆதரவான ஒரே சாட்சியை, அந்தப் பிள்ளையே தவறு என்று எண்ணி அடித்திருந்தாள்.

“சாரிடி” என்றாள் ஜெனிபர், காலண்டரைப் பார்த்துக்கொண்டே.

திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பிரௌசிங் சென்டருக்குப் போனோம். பள்ளியில் தொலைபேசி இணைப்பு இல்லை. பிளாப்பியில்தான் எல்லாம் பயணம் செய்ய வேண்டும். முதல் பிளாப்பி திறக்க மறுத்தது. மாற்றுப் பிளாப்பி ஸ்டெல்லாவின் கைப்பையில், பைபிளுக்குள் பத்திரமாக இருந்தது. நடந்தது அனைத்தையும் எழுதினோம். மாற்றிய எண்ணையும் மறைக்கவில்லை. கடைசி வரியை ஜெனிபர் சொல்ல ஸ்டெல்லா தட்டச்சு செய்தார்: ‘நாளை செவ்வாய். காலை எட்டரைக்குப் பதினேழு வரும். இப்போதே சொல்கிறோம்.’

“வராவிட்டால்?” என்றேன். ஸ்டெல்லாவுக்கு ஐயமில்லை. “வரும் மேடம்” என்று சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, எல்லாருக்கும் லஸ்ஸி வாங்கித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே கிணற்றடியில் கூட்டம். குளித்து முடித்த நாற்பது பேரும் தூங்கப் போகாமல் துண்டோடு நின்றார்கள். “ஆச்சி, ஒரு வாளி கூடுதலா ஊத்திக்கிட்டேன், ஒங்களுக்காவ” என்றான் இசக்கிமுத்து. ரேவதிதான் கயிறு விட்டாள். எல்லாரும் முடிச்சுகளைச் சத்தமாக எண்ணினார்கள். பன்னிரண்டு கடந்தது; ஆரவாரம். பதினான்கு கடந்தது. பதினைந்து, பதினாறு. கல் தண்ணீரைத் தொட்டது.

“பதினேழு!” என்று கத்தினாள் ஜெனிபர்.

ரேவதி கயிற்றைக் கையில் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். மேலே இழுத்தாள். மீண்டும் விட்டாள். மூன்று முறை விட்டாள்.

“பதினாறரை.”

“ஏய், கிட்டதாண்டி கீது! பதினேழுன்னு போடு. மலேசியாவுக்குச் சொல்லிட்டோம்!”

“பதினாறரை” என்றாள் ரேவதி மறுபடியும். நோட்டில் அப்படியே எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள். ஜெனிபர் குனிந்து கயிற்றைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கித் தன் பெயரையும் அடியில் எழுதினாள்.

அன்று பகலே அனுப்பினோம். புதன்கிழமை காலை மூவரையும் அழைத்துக்கொண்டு வல்லக்கோட்டை போனேன். ஏழடி உயரத்து முருகன் முன் நின்று, மனப்பாடமாக இருந்த பதிகத்தில் ஒரு பாட்டும் நினைவுக்கு வராமல், பேசாமல் கும்பிட்டேன். ஸ்டெல்லா வெளி மண்டபத்தில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலைப் பங்கிட்டார். திரும்பும் வழியில் பிரௌசிங் சென்டரில் இறங்கினோம். தனபாலனின் பதில் வந்திருந்தது. ஸ்டெல்லா உரக்கப் படித்தார்.

‘டீச்சர், பதினேழு என்று வந்திருந்தால் நான் இன்னும் யோசித்திருப்பேன். பதினாறரையை யாரும் புனைய மாட்டார்கள். அவர்கள் வரைபடம் எங்கள் வரைபடத்துக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும். கணினிகளும் அங்கேதான் வரும். ஒட்டிவிட்டார்கள் என்று நான் சொன்னதற்கு அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சுவரில் ஒரு படம் வைக்க இடம் மிச்சம் இருக்கிறது. கிணற்றின் படம் இருந்தால் அனுப்புங்கள்.’

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செயல்திட்டத்துக்காக ஈப்போவிலிருந்து வந்த சிறு டிஜிட்டல் கேமராவைக் கைப்பையிலிருந்து எடுத்தார். “வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே கிணத்தாண்ட போயி எடுத்துடலாம்.”

ரேவதி எழவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, இரண்டு கோடு போட்டு அடித்த அந்தப் பக்கத்தைத் திறந்து, மேசைமேல் உள்ளங்கையால் நீவினாள்.

“கிணறு வேணாம் டீச்சர்,” என்றாள். “இத எடுங்க.”